ஆறு நிமிடமும் அரைப்பேரும்

மேலை நாட்டுச் சட்ட நிறுவனங்களில் ஒரு மணிநேரம் பத்துத் துண்டுகளாக விற்கப்படுகிறது. ஒரு துண்டுக்கு ஆறு நிமிடம். கட்சிக்காரரின் கடிதத்தைப் படித்துப் பதில் எழுத நான்கு நிமிடமே ஆனாலும் பட்டியலில் ஒரு துண்டு ஏறிவிடும். இந்தத் துண்டுகளைச் சட்டத்தரணிகள் நெடுங்காலம் கையால்தான் எழுதிவந்தார்கள். நாள் முடிவில், சில வேளை வார முடிவில், எந்த வழக்குக்கு எவ்வளவு நேரம் போனது என்று நினைவிலிருந்து எழுதுவார்கள். மறந்துபோன நேரம் காசாகாமல் போகும். நினைவில் இல்லாததை ஊகித்து எழுதினால் கட்சிக்காரருக்கு அநியாயம். இதற்குத் தீர்வாக, நேரத்தைத் தானே பதிந்துகொள்ளும் மென்பொருள்கள் வந்தன. எந்த ஆவணம் எத்தனை நிமிடம் திறந்திருந்தது, யாருக்கு மின்னஞ்சல் போனது, எந்த அழைப்பு எவ்வளவு நேரம் நீண்டது என்று கணினியின் பின்னணியிலிருந்து அவை குறித்துக்கொள்கின்றன. மாலையில் ஒரு வரைவுப் பட்டியல் தயாராகிவிடும். சட்டத்தரணி அதைப் பார்ப்பார். பிழையைத் திருத்துவார், விடுபட்டதைச் சேர்ப்பார், தனக்கே மிகையாகத் தோன்றுவதை வெட்டுவார். அவர் ஒப்புதல் தந்த பிறகே அது பட்டியலாகிறது.

அந்தக் கடைசிப் படியை முன்னே வைத்துக்கொண்டுதான் நானுஓயாவின் தேயிலை மலைகளைப் பற்றி எழுதுகிறேன். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் வழக்காடும் சட்டத்தரணிகளுக்கு அப்படியொரு மென்பொருள் தேவைப்படாது. அங்கே தவணைக்கு இவ்வளவு, வழக்குக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. மணிக்கணக்கில் பட்டியல் போடுவது கொழும்பில், வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு வேலை செய்யும் நிறுவனங்களின் வழக்கம். ஆனால் ஒருவருடைய உழைப்பை நுணுக்கமாக அளந்து, எழுதி, அந்த எழுத்தின்படி காசு கொடுக்கும் முறை மலையகத்துக்குப் புதிதல்ல. பொஸ்டனிலும் நியூயோர்க்கிலும் சட்டத்தரணிகள் நேரத்தாள் எழுதத் தொடங்குவதற்கு முன்பே இங்கே செக்ரோல் என்ற வேலைப் பதிவேடு இருந்தது. இப்போது அந்தச் செக்ரோலும் தானியங்கியாகிக்கொண்டிருக்கிறது.

நானுஓயாவுக்கு ரயில் வந்தது 1885இல். கோப்பி நோயில் அழிந்து, தேயிலை தலையெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. பாதையின் இரு பக்கமும் ரதல்ல, சமர்செட், டெஸ்போட், கிரேட் வெஸ்டன், எடின்பரோ, கிளாசோ என்று தோட்டங்கள் விரிந்தன. சிறிது கீழே தலவாக்கலையில், சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. செடியைப் பற்றியும் கொழுந்தைப் பற்றியும் அங்கே நூறாண்டுக்கால ஆய்வு சேர்ந்திருக்கிறது. அந்தக் கொழுந்தைப் பறிக்கும் பெண்ணின் நாள் எப்படி எழுதப்படுகிறது என்பதற்கு அப்படியொரு நிலையம் எங்கும் இல்லை. ஆகவே தோட்டத்து மக்கள் காலங்காலமாகச் சொல்லிவருவதிலிருந்தும், சட்டங்களிலிருந்தும், மலையகத்தை ஆராய்ந்தவர்களின் எழுத்திலிருந்தும்தான் அதைச் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது.

காலையில் பிரட்டு, அதாவது ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுப்பது. பழைய நாளில் தப்பு அடித்தும் கொம்பு ஊதியும் ஆட்களை எழுப்புவார்கள். பிரட்டுக்களத்தில் ஆட்களைப் பிரித்து இன்ன மலைக்கு இன்னார் என்று அனுப்புவார்கள். வந்தவரின் பெயருக்கு நேரே செக்ரோலில் குறி விழும். அதனால்தான் ஒரு நாள் வேலைக்கே 'பேர்' என்று பெயர் வந்தது. இந்த மாதம் எத்தனை பேர் என்று ஒரு பெண்ணைக் கேட்டால், எத்தனை நாள் வேலை என்று அவள் விளங்கிக்கொள்வாள். ஆனால் பிரட்டில் பெயர் விழுந்ததும் நாள் உறுதியாகிவிடாது. கொழுந்து ஒரு நாளில் மூன்று தடவை நிறுக்கப்படுகிறது: முற்பகலில் ஒன்று, நண்பகலில் ஒன்று, பிற்பகலில் கடைசி. மூன்றும் சேர்ந்து அந்தத் தோட்டம் குறித்த அளவை எட்டினால் முழுப்பேர். எட்டாவிட்டால் அரைப்பேர், பாதிச் சம்பளம். அளவுக்கு மேலே பறித்த ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு உண்டு. அந்த அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். மழைக்காலத்தில் துளிர் விரைந்து வரும்போது எளிதாக எட்டலாம். தை, மாசியில் பனி விழுந்து துளிர் கருகும்போது பாடுபட்டாலும் எட்டாது.

ஆக, எட்டு மணிநேரம் மலையில் நின்ற பெண்ணின் நாள் நான்கு மணிநேரமாக எழுதப்படலாம். அவள் நின்ற நேரத்தை யாரும் மறுக்கவில்லை. கணக்கில் அந்த நேரம் ஏறவில்லை, அவ்வளவுதான். சட்டத்தரணிக்கு நான்கு நிமிடம் ஆறு நிமிடமாகிறது. கொழுந்து எடுப்பவளுக்கு எட்டு மணிநேரம் நான்காகிறது. அளவைகள் எல்லாமே ஏதோவொரு பக்கம் சாய்ந்துதான் முழுமையாக்கப்படுகின்றன. அந்தச் சாய்வு எந்தப் பக்கம் என்பதைப் பேனா பிடித்திருப்பவர் தீர்மானிக்கிறார்.

இந்தப் பேனா யார் யார் கையில் இருந்தது என்று பார்ப்பது பயனுள்ளது. ஆட்களைச் சேர்த்துவந்து வேலை வாங்கும் கங்காணி முறை நடந்த காலத்தில், தன் கூட்டத்திலிருந்து வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் நாளொன்றுக்குச் சில சதம் கங்காணிக்குக் கிடைத்தது. தோட்டத்துரைமார் அதைப் 'பென்ஸ்' காசு என்று கணக்கில் எழுதினார்கள். அதனால் ஆட்கள் வேலைக்கு வந்தாக வேண்டும் என்பதில் கங்காணிக்கே சொந்த ஆதாயம் இருந்தது. காய்ச்சலில் கிடந்தவரையும் லயம் என்ற வரிசை வீட்டிலிருந்து இழுத்துவரும் வேகம் அங்கிருந்து வந்ததுதான். அதே ஆதாயம் கங்காணி எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லவும் இடம் தந்தது. துரை கங்காணியை நம்ப முடியாது. ஆகவே தோட்டத்துச் சம்பளத்தில் இருந்த கணக்கப்பிள்ளை தனியாக எண்ணினார். கணக்கப்பிள்ளையைச் சின்னத்துரை சோதித்தார். ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்க்கும் நேர்த்தியான ஏற்பாடு. ஒரே ஒருவருக்கு மட்டும் அதில் இடமில்லை: யாருடைய பெயர் எழுதப்பட்டதோ அவருக்கு. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. தன் பெயருக்கு நேரே என்ன விழுந்திருக்கிறது என்று அவர் அறிவது சம்பள நாளில்தான். அதற்குள் அரிசிக்கும் கடனுக்கும் பிடித்தது போக மிச்சமே கைக்கு வரும்.

சட்டம் இதில் தலையிடாமல் இல்லை. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கத் தோட்டத் தொழிலாளர் கட்டளைச் சட்டத்தில் இன்று படித்தாலும் வியக்கவைக்கும் விதி ஒன்று உண்டு. தொழிலாளி வேலை செய்ய இயலுமானவராகவும் விருப்பமுள்ளவராகவும் இருந்து வேலை கேட்ட ஒவ்வொரு நாளுக்கும், தோட்டத்தால் வேலை கொடுக்க முடிந்தாலும் முடியாவிட்டாலும் சம்பளம் உண்டு என்றது அந்த விதி. வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் தோட்டம் பொறுப்பல்ல என்பது மட்டுமே வரம்பு. எழுத்தில் இவ்வளவு தாராளம். நடைமுறையில், வேலை கேட்டு வந்து நின்றதற்குச் சாட்சி எது? செக்ரோல். அதை வைத்திருப்பவர் யார்? வேலை கொடுக்காதவர்.

1927இல் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1929இல் மலைநாட்டுக்கு நிர்ணயமான நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். நாள் என்றால் எவ்வளவு என்பதையும் சட்டம் சொன்னது: நண்பகல் சாப்பாட்டுக்கு ஒரு மணிநேரம் வரை உட்பட ஒன்பது மணிநேரம். 1941இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வந்தபோதும் ஒன்பது மணிநேர நாள் தொடர்ந்தது. சட்டத்தின் பார்வையில் கொழுந்து எடுப்பது நேரக் கூலி வேலை. கிலோவைப் பற்றிய பேச்சு தோட்டத்தின் வழக்கத்திலும், பின்னாளில் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்த கூட்டு ஒப்பந்தங்களிலும் நுழைந்தது. சட்டம் நேரத்தைச் சொல்ல, மலை எடையைச் சொல்லியது. தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த இரண்டு அளவைகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. தேவைப்படும் இடத்தில் தேவைப்பட்டதைக் காட்டும் வசதி தோட்டத்துக்குக் கிடைத்தது. மாலை ஐந்து மணிக்கு முன்னால் மலையை விட்டு இறங்கினால் நேரம் பேசும். முழு நேரமும் நின்று கொழுந்து குறைந்தால் எடை பேசும்.

நேரத்தை ஆள்பவர்கள் கடிகாரத்தையே தள்ளிவைத்த இடமும் உண்டு. அசாமின் தேயிலைத் தோட்டங்களில் 'பாகான் டைம்' என்ற தோட்ட நேரம் இந்திய நேரத்தைவிட ஒரு மணிநேரம் முன்னே ஓடியது. கிழக்கே சூரியன் முன்னதாக உதிப்பதால் வெளிச்சத்தை வீணாக்காமல் வேலை வாங்க வெள்ளைக்காரத் துரைமார் வைத்த ஏற்பாடு அது. இன்றும் பல தோட்டங்களில் அது புழங்குகிறது. மலையகத்துக்கு அப்படித் தனி நேரம் தேவைப்படவில்லை. இங்கே பிரட்டின் தப்பும் மாலை நிறுவையுமே கடிகாரமாக இருந்தன. பொழுது இறங்கியும் வேலை விடாத எசமானிடம் முறையிடும் நாட்டார் பாடல் ஒன்று மலையகத்தில் தலைமுறைகளாகப் பாடப்பட்டுவந்திருக்கிறது. வட்டகொடைக்கு அருகே மடக்கும்புரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை இத்தகைய பாடல்களைத் தொகுத்துவைக்காமல் போயிருந்தால், செக்ரோலுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றவர்களின் நேரக்கணக்கு நமக்குக் கிடைத்தே இருக்காது.

இந்தக் கணக்கில் பெண்ணின் நாள் ஆணின் நாளைவிட நீளம். கவ்வாத்து வெட்டுவதும் முள்ளுக் குத்துவதும் கான் வெட்டுவதும் பெரும்பாலும் ஆண்களின் வேலை. இத்தனை செடி, இத்தனை குழி என்று கொடுப்பார்கள். முடித்தவர் நண்பகல் கடந்ததும் வீடு திரும்பலாம். கொழுந்துக்கு அப்படி முடிவு இல்லை. கடைசி நிறுவை வரை மலையில் நிற்க வேண்டும், நிறுத்த பிறகு இறங்க வேண்டும், இறங்கிய பிறகு அடுப்பு. 1980களின் தொடக்கத்திலேயே ரேச்சல் குரியன் தன் ஆய்வில் இந்த வேறுபாட்டை விரிவாகக் காட்டியிருந்தார். 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டது. மணிக்கணக்கில் பார்த்தால் அது சமமாகவே இல்லை. நேரம் பதியப்பட்டிருந்தால் இந்தச் சமமின்மை ஒரே மாதத்துச் செக்ரோலில் கண்ணில் பட்டிருக்கும். எடை மட்டும் பதியப்பட்டதால் அது நாற்பது ஆண்டுகளாக ஆய்வு நூல்களுக்குள் மட்டும் கிடக்கிறது.

இங்கே பொஸ்டனுக்கு ஒரு தடவை போய்வர வேண்டும். சட்டத்தரணிகளின் நேரத்தாளை முறைப்படுத்தியவர் ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித் என்பவர். 1914 முதல் பொஸ்டன் சட்ட உதவிச் சங்கத்தை நடத்தியவர். ஏழைகளுக்கு நீதி கிடைக்காத அவலத்தைப் பற்றி 1919இல் எழுதிய நூலால் பெயர் பெற்றவர். பணமில்லாத சங்கம், குவியும் வழக்குகள். ஒவ்வொரு வழக்குக்கும் எவ்வளவு நேரம் போகிறது என்று அறிந்தால்தான் கையிலிருக்கும் சட்டத்தரணிகளை வைத்துக்கொண்டு அதிகம் பேருக்கு உதவ முடியும். அதற்காக நேரத்தை எழுதவைத்தார். பிறகு அதே பழக்கத்தை ஒரு பெரிய தனியார் நிறுவனத்துக்குக் கொண்டுபோனார். மணிநேரத்தைப் பத்தாகப் பிரிக்கும் முறை அவர் பெயரோடு சேர்ந்து பரவியது. 1958இல் அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கத்தின் ஒரு சிறு வெளியீடு, மற்றத் தொழில்களோடு ஒப்பிடுகையில் சட்டத்தரணியின் வருமானம் தேய்ந்துவிட்டது, நேரத்தை எழுதுங்கள் என்று வற்புறுத்தியது. ஆண்டுக்கு 1,300 மணிநேரம் காசாகக்கூடியது என்றது. 1975இல் கோல்ட்ஃபார்ப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் குறைந்தபட்சக் கட்டண அட்டவணைகளைச் செல்லாதவையாக்கியது. அதன்பின் மணிநேரக் கட்டணத்தின் ஆட்சி முழுமையானது. ஏழையின் வழக்குக்கு ஆகும் செலவை அறியப் பிறந்த தாள், பணக்காரக் கட்சிக்காரரிடம் கேட்கும் விலையாக மாறிவிட்டது.

இந்தக் கதையில் எனக்குப் படிப்பினையாகத் தோன்றுவது வேறொன்று. கட்டணம் செலுத்தும் கட்சிக்காரருக்குக் கேள்வி கேட்கும் உரிமை படிப்படியாக வளர்ந்தது. ஒரே மணிநேரத்தை இரண்டு கட்சிக்காரர்களிடம் விற்கக் கூடாது என்று அதே அமெரிக்கச் சங்கம் 1993இல் முறையான கருத்துரை வெளியிட்டது. ஒரு கட்சிக்காரருக்காக விமானத்தில் போகும்போது மற்றவருடைய வேலையைச் செய்தால் இருவரிடமும் அந்த நேரத்துக்குக் காசு வாங்கக் கூடாது. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு, 2024இல் இன்னொரு கருத்துரை: இயந்திரம் வேலையைச் சுருக்கினால், உண்மையில் செலவான நேரத்துக்கு மட்டுமே பட்டியல் போடலாம். மணிநேரக் கட்டணம் வாங்கும் சட்டத்தரணி தன் நேரத்தைத் தானே எழுதுகிறார். கட்சிக்காரர் அதை வரிக்கு வரி பார்க்கிறார். பிணக்கு வந்தால் விதி இருக்கிறது. எழுதுபவருக்கும் குரல் உண்டு, கொடுப்பவருக்கும் குரல் உண்டு.

கொழுந்து எடுப்பவள் இந்த இரண்டு இடத்திலும் இல்லை. அவளுடைய நேரத்தை அவள் எழுதுவதில்லை, எழுதியதை வரிக்கு வரி பார்ப்பதும் இல்லை.

இந்த இடத்தில்தான் டிஜிட்டல் தராசு வந்து நிற்கிறது. கம்பனிகள் சில தோட்டங்களில் கொண்டுவந்திருக்கும் முறை இப்படி இயங்குகிறது: ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் அடையாள அட்டை அல்லது எண்; மலையில் தூக்கிப் பிடிக்கும் மின்னணுத் தராசு; நிறுத்ததும் எடை கையிலுள்ள கருவிக்குப் போய், அங்கிருந்து தோட்ட அலுவலகத்துக்கும் கம்பனிக்கும் சேர்கிறது. கணக்கப்பிள்ளை பென்சிலால் எழுதி, இரவில் அலுவலகத்தில் படியெடுத்து, மாத முடிவில் கூட்டிப்போடும் வேலை போய்விட்டது. இதை நான் வரவேற்கிறேன். முள் அசைந்துகொண்டிருக்கும்போதே எடையைச் சொல்லிக் கூடையை இறக்கும் பழைய நிறுவையில் போன கொழுந்துக்குக் கணக்கே கிடையாது. அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று கழிந்தது எல்லாம் மாத முடிவில் சில பேர்களாகும். எண் திரையில் நின்று தெரியும்போது அப்படிச் செய்வது கடினம்.

ஆனால் நிறுவையின் சச்சரவு முள்ளோடு முடிவதில்லை. கழிவு என்று ஒன்று இருக்கிறது. சாக்கின் எடைக்கு, மழைநாளில் கொழுந்தில் ஒட்டிய நீருக்கு, முற்றிய இலைக்கு என்று சொல்லி ஒவ்வொரு நிறுவையிலும் எடை குறைக்கப்படும். ஈரத்துக்குக் கழிப்பதில் நியாயம் உண்டு. எவ்வளவு கழிப்பது என்பதில்தான் தலைமுறைத் தகராறு. கைத்தராசில் இந்தக் கழிவைக் கணக்கப்பிள்ளை வாயால் சொல்வார். அங்கேயே சண்டை பிடிக்கலாம், 'ஐயா, இன்றைக்கு வெயில்தானே' என்று கேட்கலாம். மென்பொருளில் கழிவு ஒரு அமைப்பாக உள்ளே உட்கார்ந்துவிட்டால், திரையில் வரும் எடை கழித்த பிறகான எடையாக இருந்தால், கேட்பதற்கு ஆளே இல்லை. துல்லியமான கருவி துல்லியமாகவே குறைத்துக்காட்டும். ஆகவே மொத்த எடை, கழிவு, நிகர எடை மூன்றும் தனித்தனியே பதியப்பட வேண்டும், தனித்தனியே காட்டப்பட வேண்டும். இது பெரிய தொழில்நுட்பச் சவாலே அல்ல. சந்தையில் மரக்கறி வாங்கும் தோட்டத்துக்காரர் பெட்டியின் எடையைக் கழித்துத்தான் தாருங்கள் என்று கேட்கிறார், கடைக்காரர் கழிக்கிறார். அதே கணக்கு மலையிலும் வெளிச்சத்தில் நடக்க வேண்டும்.

இன்னொன்று. எடையைப் பதியும் கருவியால் நேரத்தையும் பதிய முடியும். முதல் நிறுவை எத்தனை மணிக்கு, கடைசி நிறுவை எத்தனை மணிக்கு என்பது அதற்குத் தெரியும். பிரட்டில் அட்டை காட்டப்பட்டால் தொடங்கிய நேரமும் தெரியும். ஒரு பெண் மலையில் நின்ற மணிநேரம் இந்த நாட்டின் தோட்ட வரலாற்றில் முதல்தடவையாக எழுத்தில் வரக்கூடிய வாய்ப்பு இது. சட்டத்தின் ஒன்பது மணிநேர நாள் உண்மையில் கடைப்பிடிக்கப்படுகிறதா, அரைப்பேர் விழுந்த நாளில் அவள் எத்தனை மணிநேரம் நின்றாள், ஆணின் நாளுக்கும் பெண்ணின் நாளுக்கும் எவ்வளவு வித்தியாசம், தொலைவிலுள்ள மலைக்கு நடந்த நேரம் எவ்வளவு – எல்லாவற்றுக்கும் விடை அந்தக் கருவிக்குள் இருக்க முடியும். சம்பளக் கணக்குக்கு வேண்டியது கிலோ மட்டும். நேரம் உள்ளேயே கிடக்கும். அதை வெளியே எடுக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்பதில்தான் இந்தக் கருவியின் பயன் தங்கியிருக்கிறது.

கடந்த பத்தாண்டின் சம்பளப் போராட்டங்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் அவற்றின் உள்ளே ஓடியது தெரியும். 2016இன் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபா. அதில் அடிப்படை 500 தான். மீதியில் 60 ரூபா வரவுக் கொடுப்பனவு, 140 ரூபா உற்பத்திக் கொடுப்பனவு, 30 ரூபா விலைப் பங்கு. வரவுக் காசு வேண்டுமென்றால் கொடுக்கப்பட்ட வேலைநாட்களில் நூற்றுக்கு 75க்கு வந்திருக்க வேண்டும். உற்பத்திக் காசு வேண்டுமென்றால் கிலோ எட்ட வேண்டும். பத்திரிகைத் தலைப்பில் 730, பலருடைய கையில் அதைவிடக் குறைவு. 2019இல் அந்த இரண்டு கொடுப்பனவுகளும் நீக்கப்பட்டு அடிப்படை 700, விலைப் பங்கு 50 என்றானது. 2021 மார்ச்சில் சம்பளச் சபை வழியாக 1,000 ரூபா வர்த்தமானியில் வந்தது. கூட்டு ஒப்பந்தம் முறிந்தது. பல தோட்டங்களில் நாளுக்குரிய கிலோ உயர்த்தப்பட்டது என்றும் அரைப்பேர் பெருகியது என்றும் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. 2024 ஏப்ரல் முடிவில் 1,700 என்று வர்த்தமானி; ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை; செப்டெம்பரில் 1,350. மேடைகளிலும் நீதிமன்றத்திலும் மோதியது ரூபாவின் எண். அந்த எண்ணை ஒரு நாளோடு பெருக்கும் இடம் மலை. நாள் என்றால் எது என்ற கேள்வியில் பேசாமல் விட்ட பகுதியில்தான் வென்ற ரூபாவின் ஒரு பங்கு திரும்பக் கரைந்துபோனது. தொழிற்சங்கங்கள் ரூபாவுக்காகச் செலவிட்ட வலிமையில் கால்பங்கையாவது செக்ரோலின்மேல் செலவிட்டிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இந்த எண்ணத்துக்கு மலையகத்தில் முன்னோடி இல்லாமல் இல்லை. 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த கோ. நடேசய்யர், தொழிலாளருக்குச் சட்டத்தையும் உரிமைகளையும் தமிழில் விளக்கிச் சிறு நூல்கள் எழுதினார். வெளியாள் தோட்டத்துக்குள் கால்வைத்தால் அத்துமீறல் வழக்குப் போடும் காலம். புடவை வியாபாரி வேடத்தில் அவர் லயங்களுக்குள் போய்வந்த கதை மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். எழுத்தைத் தொழிலாளியின் கையில் கொடுப்பதே அவர் தேர்ந்த வழி.

செக்ரோலின் ஆயுள் மாதச் சம்பளத்தோடு முடிவதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8, தோட்டத்திலிருந்து 12. சம்பளம் என்பது பேர்களின் கூட்டுத்தொகை. ஆகவே குறைந்த பேர், குறைந்த சேமலாபம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளத் தொழிலாளிக்கு முடித்த ஒவ்வொரு ஆண்டு சேவைக்கும் 14 நாள் சம்பளம். முப்பது ஆண்டு மலையில் நின்ற பெண்ணுக்கு 420 நாள் சம்பளம். அந்த முப்பது ஆண்டு தொடர்ச்சியானதா, எந்த ஆண்டு சேர்ந்தாள், இடையில் பிள்ளைப்பேறுக்கு நின்ற காலம் எப்படிப் பதியப்பட்டது என்ற கேள்வி வந்தால் பழைய புத்தகங்களைத் தேட வேண்டும். தோட்டம் அரசிடமும் கம்பனியிடமும் மாறி மாறிக் கைமாறிய வரலாறு இது: 1970களில் தேசியமயம், 1992இல் மீண்டும் கம்பனிகள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் காகிதம் தொலையும் ஆபத்து உண்டு. தொழில் நியாய சபையின் முன்னால் வரும் பிணக்குகளில் தொழிலாளியின் பக்கம் நிற்பவருக்குப் பெரும்பாலும் வாய்மொழிதான் ஆதாரம், எதிர்ப்பக்கத்தில் புத்தகம். சட்டத்தரணியின் திறமை எவ்வளவு இருந்தாலும் எதிரியிடமுள்ள பதிவேட்டோடு மோத வேண்டிய வழக்கு அது.

ஆகவே பதிவின் ஒரு படி தொழிலாளியிடம் இருக்க வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் முழுக் கோரிக்கை. வழி இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கப்படும் தரவைக் கேட்டுப் பெறவும் பிழையைத் திருத்தக் கோரவும் உரிமை தருகிறது. பெயரோடும் எண்ணோடும் சேர்ந்த நிறுவைக் கணக்கு தனிப்பட்ட தரவு அல்லாமல் வேறென்ன? அந்தச் சட்டத்தின் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து தள்ளிவைக்கப்பட்டன. வங்கிகளும் தொலைபேசிக் கம்பனிகளும் அதைப் பற்றிக் கருத்தரங்கு நடத்துகின்றன. தோட்டத்துச் சங்கங்கள் அதைத் தங்கள் சட்டமாக எடுத்துக்கொண்டு பேச வேண்டிய நேரம் இது. அது நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. லயத்தில் வீட்டுக்கு ஒரு கைபேசியாவது இருக்கிறது. ஒவ்வொரு நிறுவைக்கும் மொத்த எடை, கழிவு, நிகர எடை, நேரம் நான்கும் தமிழில் ஒரு குறுஞ்செய்தியாக வந்தால் போதும். பிழையிருந்தால் அன்றைய மாலைக்குள் முறையிட ஒரு வழி, முறையீட்டுக்கு எழுத்தில் பதில், மாத முடிவில் அவள் ஒப்புக்கொண்ட பிறகே கணக்கு முடித்தல். நேரப் பதிவு மென்பொருள் சட்டத்தரணிக்குத் தரும் அதே கடைசிப் படி.

இதற்கிடையில் காற்று வேறு பக்கமும் வீசுகிறது. குறிப்பிட்ட செடிகளைத் தொழிலாளியின் குடும்பத்துக்குப் பொறுப்பாகக் கொடுத்து, கொழுந்தைக் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளும் முறையைக் கம்பனிகள் முன்வைக்கின்றன. சிலருக்கு இதனால் வருமானம் கூடும். நாளைத் தாங்களே வகுத்துக்கொள்ளும் சுதந்திரத்தை இளையவர்கள் விரும்புவதும் நியாயம். கம்பனித் தோட்டங்களில் 1992இல் மூன்று லட்சத்துக்கும் மேல் இருந்த தொழிலாளர் தொகை இன்று பாதிக்கும் கீழே போய்விட்டது. இருப்பவர்களைப் பிடித்துவைக்கத் தோட்டங்களுக்கும் வேறு வழி வேண்டும். ஆனால் அந்த முறையில் நேரம் கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறது. ஒன்பது மணிநேரம், நாட்சம்பளம், சேமலாபம், பணிக்கொடை எல்லாம் வேலைநாள் என்ற ஆணியில் தொங்குபவை. ஆணியைப் பிடுங்குவதற்கு முன்னால் அதில் தொங்குவதை எங்கே மாட்டுவது என்று எழுத்தில் சொல்லியாக வேண்டும்.

நாள் என்ற ஆணி இப்போது அரசாங்கத்தின் பணத்தையும் தாங்கப்போகிறது. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம், 2026 ஜனவரி முதல் நாட்சம்பளத்தை 1,350இலிருந்து 1,550 ரூபாவாக்கவும், அதற்கு மேல் வரவுக் கொடுப்பனவாக நாளொன்றுக்கு 200 ரூபாவை அரசே கொடுக்கவும் முன்மொழிந்தது. அதற்கென 5,000 மில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. வேலைக்கு வந்த நாட்களை எண்ணிப் பொதுப்பணம் கொடுக்கும்போது செக்ரோல் கம்பனியின் உள்வீட்டுப் புத்தகமாக இருக்க முடியாது. அது கணக்காய்வாளர் கேட்டால் காட்ட வேண்டிய பத்திரம். காலை ஏழரைக்குப் பிரட்டில் பெயர் கொடுத்து, மாலை வரை மலையில் நின்று, கிலோ எட்டாமல் அரைப்பேர் வாங்கிய பெண் அன்றைக்கு வேலைக்கு வந்தவளா, இல்லையா? முழு 200 ரூபாவா, நூறா, ஒன்றுமில்லையா? சம்பளச் சபை எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடாத கேள்வியைத் திறைசேரி இனி ஒவ்வொரு மாதமும் எதிர்கொள்ள வேண்டும். வந்தவள் என்று ஒரு சுற்றறிக்கையில் எழுதப்பட்டால், அதே நாளைச் சம்பளத்துக்கு மட்டும் அரை என்று எழுதுவதைத் தொழில் நியாய சபையின் முன்னால் எந்தத் தோட்டமும் எளிதில் நியாயப்படுத்த முடியாது.